தாழ்ப்பாள் மேல் ஒரு கை

அன்புள்ள மகளே, என் வாயாடியே,

நான் நல்லா இருக்கிறேன். இப்படி மொட்டையாக எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன், கால் நல்லா இருக்கிறது, வயிறு நல்லா இருக்கிறது, பல் நீ போனபோது இருந்த வரிசையிலேயே ஆடிக்கொண்டு இருக்கிறது, மற்றதைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், நீ அங்கே மூக்கை உறிஞ்சுகிறாய், நான் இங்கே உறிஞ்சுகிறேன், அப்புறம் இரண்டு பேரும் சரி வைக்கட்டுமா என்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். உன்னோடு வேலை செய்கிற அந்த ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான பெண் லீவு முடிந்து இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எவ்வளவு என்று உனக்குத் தெரியும், வாத்தியார் என்னை வெளியே நிற்க வைத்த நேரத்தைக் கழித்தால் படித்ததாக ஒன்றும் மிஞ்சாது, அதனால் எங்கே புள்ளி, எங்கே கமா என்று தேடாதே, வேண்டிய இடத்தில் நீயே வைத்துக்கொள்.

நீ அழுதுகொண்டே பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஊரில் தங்க அனுமதிக்கிற காகிதம் ஒருவழியாக உன் கைக்கு வந்துவிட்டது, இனி போகலாம் வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் இனி எதுக்கு வரணும், எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வரணும் என்று கேட்டிருந்தாய். ஊரார் அம்மாக்களை எல்லாம் குளிப்பாட்டித் துடைத்துத் தலைசீவி விட்டேனே, என் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கலையே, நான் அந்த வீட்டுப்படி ஏறவே தகுதியில்லாதவள் என்றாய். கடைசியில் ஒன்று கேட்டாய், நான் அனுப்பின படத்தை அம்மா பார்த்தாளா, முடிவு தெரிஞ்சுதா என்று. போன தடவை போனில் இதைக் கேட்டபோது நான் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி ஓடிப்போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இப்போது சொல்கிறேன், ஆனால் என் வழியில்தான் சொல்வேன், நடுவில் குறுக்கே பேசக்கூடாது, கடிதத்தில் உன்னால் பேசவும் முடியாது, இந்த ஒரு வசதிக்காகவே இனி உனக்குக் கடிதம்தான் எழுதலாம் போல் இருக்கிறது.

லிஃப்ட்காரன் படத்தின் கதை உனக்குத் தெரியாது. தெரியும் என்பாய். உனக்கு என்ன தெரியும், படம் ஆரம்பித்ததும் உங்கம்மா மடியில் தூங்கிவிடுவாய், நீ பாடுகிற இடம் வந்தால்தான் முழிப்பாய். நீயே அந்தப் படத்தைப் பெரியவளான பிறகு தேடிப்பிடித்துப் பார்த்திருப்பாய், இருந்தாலும் எங்கள் படத்தை நீ பார்த்ததில்லை. அது டீவியில் ஒரு மத்தியானம் வந்தது. நான் இஸ்திரிக் கடையில், உங்கம்மா பாட்டில் கம்பெனியில். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, மணியானதும் கேசட் பெட்டியில அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்குங்க அக்கா, பதிஞ்சுக்கும், பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படமாம், சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். அக்கா வந்து, உட்கார்ந்து, ஒரு டீ போட்டுக் குடித்து, பிறகு அமுக்கியிருக்கிறாள். பேர் போடுவது எல்லாம் போய்விட்டது. அதனால்தான் அந்தப் படத்துக்கு நம் வீட்டில் லிஃப்ட்காரன் என்று நாமே வைத்ததைத் தவிர வேறு பேர் கிடையாது. நீ அதைக் கண்டுபிடிக்க அத்தனை வருஷம் திண்டாடினதும் அக்கா போட்ட டீயால்தான், அவளிடம் சொன்னேன், சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன் என்கிறாள்.

படம் ஆரம்பிக்கும்போதே லிஃப்டின் கம்பிக்கதவு மூடுகிறது. உள்ளே லிஃப்ட்காரன் நிற்கிறான், கம்பி நிழல் அவன் மூஞ்சியில் கோடு கோடாக விழுகிறது, இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை, அதற்குள் ஜெயிலில் நிற்கிற மாதிரி இருக்கிறான். பெரிய கட்டடம், மேல் மாடியில் முதலாளி, கீழே வாசலில் ஒரு காவல்காரர், நடுவில் டெலிபோன் போர்டில் ஒரு பெண், அந்தக் காவல்காரரின் தங்கை. லிஃப்ட்காரனுக்கு அவள் மேல் ஆசை. அவளுக்கும் உண்டு, ஆனால் காட்டமாட்டாள், அவன் ஏறும்போது ஒயரை மாற்றிச் சொருகிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் முதலாளியின் கூட்டாளி செத்துக்கிடக்கிறார். முதலாளி லிஃப்டுக்குள் வந்து, இவன் காதோரமாக, அவரை நீ உயிரோடதான் கீழே கொண்டுபோய் விட்டே, வாசல்ல காவல்காரன்கிட்டதான் விட்டே, அப்படித்தானே என்று கேட்கிறான். மிரட்டுவதில்லை, கத்துவதில்லை. இவன் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுக்கொண்டே கேட்கிறான். அந்த நூலை எடுக்கிற இடம் வந்தால் நான் என் தோளைத் தட்டிவிட்டுக்கொள்வேன். பயந்தவன் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறான். ஒரு தலையாட்டல். காவல்காரர் உள்ளே போய்விடுகிறார், அந்தப் பெண் போர்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டே அழுகிறாள், குரலில் அழுகை தெரியாது, ஹலோ எந்த நம்பர் வேணும் என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் வழிகிறது.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அவன் கோட்டு. சிரிக்காதே. நான் இஸ்திரிக்காரன், எனக்கு மூஞ்சி பார்க்கத் தெரியாது, துணி பார்க்கத்தான் தெரியும். முதல் காட்சியில் அவன் யூனிஃபாரத்து மடிப்பு கத்தி மாதிரி இருக்கும், கை வைத்தால் அறுக்கும். தலையாட்டின மறுநாள் முழங்கையில் ஒரு சுருக்கம். அப்புறம் முதுகில். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் ஓட ஆரம்பித்து, முதலாளியின் ஆட்கள் பின்னால் ஓட ஆரம்பித்ததும் அது கோட்டே இல்லை, மூட்டை. எந்தக் காட்சியிலும் ஒரு சுருக்கம் முன்னே பின்னே மாறாது. அந்தப் படத்துக்கு இஸ்திரி போட்டவன் எவனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளணும், ஏனென்றால் துணியைச் சரியாகத் தேய்ப்பது நானும் செய்வேன், கதைக்குத் தகுந்த மாதிரி கசக்கத் தெரிவதுதான் பெரிசு. உங்கம்மா இதைக் கேட்டுவிட்டு, ஆமா, உலகமே கதாநாயகனைப் பார்க்குது, என் வீட்டுக்காரர் காலரைப் பார்க்கிறார் என்பாள். அவள் பார்ப்பது வேறு. வேலை நேரம் முழுக்க வெளிச்சத்தின் முன்னால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தவள் அல்லவா, அவளுக்கு நிழல்தான் கண்ணில் படும். ஏங்க, விளக்கு இந்தப் பக்கம் இருக்கு, முதலாளி நிழல் மட்டும் எப்படிங்க அவனுக்கு முன்னாடி போகுது என்று கேட்டாள் ஒரு தடவை. திருப்பிப் போட்டுப் பார்த்தால் நிஜமாகவே போகிறது. படம் எடுத்தவன் தப்பு பண்ணிட்டான் என்றேன். இல்லை, வேணும்னே பண்ணியிருக்கான், கெட்டவன் வர்றதுக்கு முன்னாடி அவன் கெடுதல் வந்துடும்ல என்றாள். வாதத்தில் தோற்கும்போது நான் என்ன செய்வேன், தெரியுமே, டீ இருக்கா என்று கேட்டேன்.

கடைசிக் காட்சி. அவன் அந்தப் பெண் இருக்கும் வீட்டுக்கு ஓடிவருகிறான். அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அவன் ஏறமாட்டான், வாழ்க்கை முழுக்க ஊரை ஏற்றி இறக்கினவன் படியில் மூச்சு வாங்க ஏறுகிறான். கதவைத் தட்டுகிறான். கோர்ட்டில் சொல்லிடறேன், உங்க அண்ணன் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிடறேன், விடியற வரைக்கும் உள்ளே இருக்கவிடு என்கிறான். கீழே முதலாளியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். லிஃப்டுக்கு மேலே அந்த அம்புக்குறி ஒவ்வொரு மாடியாக நகருகிறது. உள்ளே அவள் எழுந்து வருகிறாள், படம் எடுத்தவன் அவள் முகத்தைக் காட்டமாட்டான், நிழல்தான் வருகிறது, கை மட்டும் வெளிச்சத்துக்கு வந்து தாழ்ப்பாள் மேல் உட்காருகிறது. அந்த இடத்தில்தான் நம் வீட்டில் கரண்ட் போனது. கரண்ட் வருவதற்குள் நாங்கள் சண்டை போட ஆரம்பித்துவிட்டோம். திறக்கமாட்டா, அண்ணனை உள்ளே தள்ளினவனுக்கு எவ திறப்பா, கை வெச்சது திறக்க இல்லே, இன்னும் நல்லா இறுக்க என்றேன் நான். திறப்பா, வேண்டாதவன்னா படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டா, எழுந்து கதவு வரைக்கும் வந்தவ திறக்காம போகமாட்டா என்றாள் உங்கம்மா. மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று படுத்துவிட்டோம். மறுநாள் காலையில் உன் பள்ளிக்கூட விழாவைப் படம் பிடித்த ஆள், காலி கேசட் கொடுங்க, உங்க பொண்ணு பாடினதைப் போட்டுத் தர்றேன் என்று வாசலில் வந்து நின்றார். அவசரத்தில் உங்கம்மா மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கேசட் நின்ற இடத்திலிருந்தே அவர் உன்னைப் பதிந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் படம் எப்படி முடியும் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. கை தாழ்ப்பாளுக்குப் போகும், அம்பு கடைசி மாடிக்கு வரும், சட்டென்று கலர் வரும், முன்பல் இல்லாத நீ வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மழையைப் பற்றி ஒரு பாட்டை ஆரம்பித்து, பாதியில் மறந்து, முழித்து, அம்மா என்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிடுவாய்.

கேசட் போடுகிற பெட்டி செத்து எவ்வளவோ காலம் ஆகியும் எங்கள் சண்டை சாகவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூட அது லிஃப்ட்காரனில்தான் போய் முடியும். இராத்திரி படுக்கும் முன்னால் நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்து, படுத்து, மறுபடி எழுந்து போய் இழுத்துப் பார்ப்பேன் இல்லையா, அப்போதெல்லாம், திருட இந்த வீட்டில என்ன இருக்கு, உங்க மூக்கா, உங்களை மாதிரி ஆளுதான் அவ திறக்கமாட்டான்னு சொல்லுவாங்க என்பாள். நீ அந்தப் படத்தை முழுசாக அனுப்பியிருக்கிறாய் என்று தெரிந்தபோது அவள் முன்னறையில் தலையணையில் சாய்ந்து கிடந்தாள், மூச்சுக்கே சிபாரிசு பிடிக்க வேண்டிய நிலைமை. ஆனாலும் வாய் குறையவில்லை. தோற்கப்போறீங்க, சட்டை நல்லதாப் போட்டுக்கிட்டு வாங்க, தோற்கிறவன் கொஞ்சம் லட்சணமா இருக்கணும் என்றாள். நான் நிஜமாகவே சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன், அதுவும் தேய்த்த சட்டை. நீ அனுப்பிய அந்தக் குட்டிச் சாமானை டீவியின் பின்னால் சொருகத் தெரியாமல் நான் முழித்து, அக்கா வந்து சொருகிக் கொடுத்தாள். பட்டன் அமுக்குவதில் அவள் பழைய கை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம், மத்தியான வெயில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் விழுந்தது. முதல் முறையாகப் படத்தின் பேரைப் பார்த்தோம். உங்கம்மா மூஞ்சியைச் சுளித்து, இதைவிட நம்ம பேரே தேவலை என்றாள்.

நடுவில் களைத்துக் கண்ணை மூடுவாள், நான் நிறுத்தட்டுமா என்றால், காதால பார்க்கிறேன் என்பாள். முதலாளி நூலை எடுக்கிற இடத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நிழல் முன்னால் போகிற இடத்தில், பார்த்தீங்களா என்றாள். படி ஏறினான், தட்டினான், அம்பு நகர்ந்தது. அவள் தலையைத் தூக்க முயன்றாள், நான் முதுகுக்குக் கை கொடுத்தேன், முதுகில் ஒன்றுமே இல்லை கண்ணு, துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. கை வந்து தாழ்ப்பாளில் உட்கார்ந்தது. நிறுத்துங்க, என்றாள். நான், என்னடி, இவ்வளவு வருஷம் சண்டை போட்டுட்டு இப்போ பயமா, தோத்துடுவேன்னு தெரிஞ்சுபோச்சா என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. நிறுத்துங்க, இதுக்கப்புறம் என் பொண்ணு வருவா, என்றாள்.

நான் நிறுத்தினேன். படம் அப்படியே நின்றது, இருட்டில் ஒரு கை மட்டும். உங்கம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ வருவாய் என்று பார்த்தாளா, புத்தி தடுமாறிக் கேசட் என்று நினைத்தாளா, இல்லை எல்லாம் தெரிந்தேதான் சொன்னாளா, எனக்குத் தெரியாது, அவளை நான் என்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவ பாட்டுல அடுத்த வரி என்னங்க, எப்பவும் அங்கேதானே மறப்பா என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீ மறந்த இடம் வரைக்கும்தான். வந்தா கேட்டு வைங்க என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாள், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன், சூடா இருக்குமோ என்று திரும்பிக் கேட்டேன், பதில் இல்லை. எப்போதும் எதற்கும் பதில் வைத்திருக்கிறவள்.

ஆக, உன் கேள்விக்குப் பதில், அம்மா பார்த்தாள். முடிவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போகவில்லை, வேண்டாம் என்றாள், அவளுக்கு வேண்டிய முடிவு வேறாக இருந்தது. நீ அனுப்பினது வீணாகவில்லை, அவளுக்குத் தண்ணீர் கொடுக்க நான் இருந்தேன், அக்கா இருந்தாள், பாட்டில் கம்பெனிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். நீ வரவில்லை என்று யாரோ ஒருத்தி வாயெடுத்தபோது, அவ அங்கே நாலு பேருக்கு அம்மாவா இருக்கா, சும்மா இல்லே என்று உங்கம்மா படுத்த இடத்திலிருந்தே ஒரு போடு போட்டாள். எனக்கு உன் மேல் கோபமா என்று கேட்டாயே. இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவளைக் கொண்டுபோன அன்றைக்கு நீ போனில் அழுதபோது நான் போனை அப்படியே அக்கா கையில் கொடுத்துவிட்டேன் அல்லவா, அது கோபம்தான். அப்புறம் யோசித்தேன், கோபம் உன் மேல் இல்லை, சண்டை போட ஆள் இல்லாத கோபம், கையில் கிடைத்தவள் நீ.

இங்கே மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. கடை முதலாளி கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார், வீட்டில் இருந்தால் உங்கம்மா துணிகளைத்தான் தேய்க்கிறேன். எல்லாவற்றையும் தேய்த்து மடித்து அலமாரியில் வைத்தேன், அடுத்த வாரம் எடுத்து மறுபடி தேய்த்தேன், ஒரு சுருக்கமும் விழவில்லை, போட ஆள் இல்லாத துணியில் எங்கேயிருந்து சுருக்கம் விழும். அவள் கடைசியாகப் போட்டிருந்த அந்த நீல ஸ்வெட்டரை மட்டும் தேய்க்கவில்லை, அதில் அவள் முழங்கை இன்னும் இருக்கிறது. என் சமையலைப் பற்றிக் கவலைப்படாதே, நேற்று வைத்ததை அக்கா வீட்டுப் பூனைக்கு வைத்தேன், அது என்னைப் பார்த்த பார்வை உங்கம்மா பார்வை மாதிரியே இருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் இன்னும் முடிவைப் பார்க்கவில்லை. டீவியில் அந்தச் சாமான் சொருகினபடியே இருக்கிறது, அக்கா துடைக்கும்போதுகூட அதைத் தொடாதீங்க என்று சொல்லிவிட்டேன். உனக்கு முடிவு தெரிந்திருக்கும். சொல்லாதே. வாய் தவறிக்கூட, அப்பா நீங்கதான் சரி, அம்மாதான் சரி என்று எதுவும் சொல்லிவிடாதே. நீ வந்து, உங்கம்மா சாய்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அவள் கட்சியில் இருந்து பேசணும். நான் திறக்கமாட்டா என்பேன், நீ திறப்பா என்று சொல்லணும், தெரிந்துகொண்டே சொன்னாலும் பரவாயில்லை, கொஞ்சம் என்னை மட்டம்தட்டியே சொல்லணும், அப்புறம்தான் பட்டனை அமுக்குவேன். தனியாக ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு என்ன இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பாட்டை முழுசாகப் பாடிக் காட்டணும், அந்த அடுத்த வரியைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். எந்த முகத்தோடு வருவேன் என்றாய். முன்பல் இல்லாத அந்த முகத்தைத்தான் இந்த வீட்டில் எப்போதும் பார்த்துக்கொண்டு இருந்தோம், அதில் பல் முளைத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நல்லா இரு கண்ணு. உன் கை பட்ட அம்மாக்கள் எல்லோரும் உன்னை வாழ்த்தட்டும், உங்கம்மாவின் வாழ்த்தும் என் வாழ்த்தும் அதற்கு முன்னாலேயே உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. மறக்காமல் ஒன்று. வண்டி எத்தனை மணிக்கு வந்து சேரும், நான் தூங்கியிருப்பேனோ, எழுந்து வருவேனோ என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வாசலில் நிற்காதே, கதவைத் தட்டவும் தட்டாதே. உங்கம்மா போனதிலிருந்து நான் தாழ்ப்பாள் போடுவதில்லை.

இப்படிக்கு,
திறக்கமாட்டா என்று இன்னும் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் அப்பா